பிரசவ அறையில் காணாமல் போனவர்

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் நம் வீடுகளில் கேட்கப்படும் இரண்டாவது கேள்வி, "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்பது. வயிற்றைக் கிழிக்காமல் பிறந்தால் அது சுகம். அந்தப் பெண் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மல்லாந்து படுக்கவைக்கப்பட்டாளா, வலியில் கத்தியதற்குத் திட்டு வாங்கினாளா, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கீழே வெட்டித் தைத்தார்களா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வராது. ஆபரேஷன் என்றால் அவள் ஏதோ தோற்றுவிட்டதைப் போல உறவினர் முகம் சுருங்கும். இரண்டு சொற்களும் குழந்தை வந்த வழியைத்தான் சொல்கின்றன. அந்த வழியை யார் முடிவு செய்தார்கள் என்பதற்குப் பேச்சு வழக்கில் ஒரு சொல் இல்லை.

பெண்ணியம் இந்த இடத்தில்தான் நூறு ஆண்டுகளாக வாதாடிவருகிறது. வீட்டில் பெறுவதா, மருத்துவமனையில் பெறுவதா என்ற கேள்விக்கு அது ஒரே பதிலைச் சொன்னதில்லை. 1914இல் அமெரிக்காவில் பெண்ணுரிமைக்காரர்கள் ஒரு சங்கமே தொடங்கி ‘அந்தி உறக்கம்’ என்ற முறையைக் கேட்டுப் போராடினார்கள். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் உருவான முறை அது. மார்ஃபினும் ஸ்கோபொலமினும் சேர்த்து ஊசி போடுவார்கள். வலி முழுதாகப் போகாது, வலித்த நினைவு போய்விடும். மயக்கத்தில் புரண்டு விழாமல் இருக்கப் பெண்களைக் கட்டிலோடு கட்டிப்போட்டதும் உண்டு. அதே நாட்டில் 1970களில் அடுத்த தலைமுறைப் பெண்ணியவாதிகள் அந்தக் கட்டிலிலிருந்து இறங்கி, வீட்டுக்கும் மருத்துவச்சியிடமும் திரும்பினார்கள். பாட்டி மருத்துவமனையைக் கேட்டாள், பேத்தி வீட்டைக் கேட்டாள். இது முரண்பாடு இல்லை. என் உடம்பில் நடப்பதை நான் முடிவு செய்ய வேண்டும், நான் ‘வேண்டாம்’ என்றால் அது செல்லுபடியாக வேண்டும் என்பதைத்தான் இருவரும் கேட்டார்கள்.

வீட்டுப் பிரசவம் என்றதும் நெதர்லாந்தை உதாரணம் காட்டுவார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் உதாரணத்துக்குப் பொருள் இருக்கும். 2000ஆம் ஆண்டு வாக்கில்கூட அங்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தை வீட்டில் பிறந்தது. இன்று அதில் பாதிக்கும் குறைவு. வீட்டில் பெற எல்லாருக்கும் அனுமதி கிடையாது. இரட்டைக் குழந்தை, தலை மேலிருக்கும் குழந்தை, முன்பு சிசேரியன் ஆனவர், ரத்த அழுத்தம் உள்ளவர், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர், 37 வாரம் நிறையாதவர், 42 வாரம் கடந்தவர் ஆகியோர் மகப்பேறு மருத்துவரின் பொறுப்புக்குப் போய்விடுவார்கள். மற்றவர்களின் வீட்டுக்கு, பல ஆண்டுகள் படித்துப் பதிவுபெற்ற மருத்துவச்சி வருவார். அவர் பையில் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி, குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும், சிறுநீர்க் குழாய், தையல் சாமான் எல்லாம் இருக்கும். உதவிக்குப் பேறுகாலப் பணியாளர் ஒருவரும் உண்டு. கட்டிலைக் கட்டை வைத்து 80 சென்டிமீட்டர் வரை உயர்த்தியிருப்பார்கள், குனிந்து வேலை செய்பவரின் முதுகு உடையாமல் இருக்க. சிக்கல் வந்தால் 45 நிமிடத்துக்குள் மருத்துவமனை என்பது கணக்கு.

இத்தனை இருந்தும் கணக்கு ஒரே மாதிரி வருவதில்லை. இங்கிலாந்தில் சிக்கல் வாய்ப்புக் குறைந்த 64,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வெளியானது. இரண்டாவது, மூன்றாவது பிள்ளை பெறுபவர்களுக்கு வீட்டில் திட்டமிட்டாலும் மருத்துவமனையில் திட்டமிட்டாலும் குழந்தைக்கான ஆபத்தில் வேறுபாடு தெரியவில்லை. தலைப்பிரசவத்தில் தெரிந்தது: குழந்தை இறப்பு, மூளைப் பாதிப்பு போன்ற கடும் விளைவுகள் மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 45 சதவீதம் பாதியில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டன. பெரும்பாலும் அவசரத்தால் அல்ல, வலி மெதுவாக நகர்ந்ததால். இன்னொரு பக்கம், வீட்டில் திட்டமிட்டவர்களில் சிசேரியன் 2.8 சதவீதம், மருத்துவமனையில் திட்டமிட்டவர்களில் 11.1. இந்த எண்களை இரண்டு பக்கமும் முழுதாக அவள் முன் வைத்து, முடிவை அவளிடம் விடுவதுதான் தேர்வு. ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது பிரச்சாரம்.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. மீதிக் கொஞ்சத்தில் ஒரு பகுதி ஆம்புலன்ஸுக்கு முன்னால் முந்திக்கொண்டவை. இன்னொரு பகுதி, கடந்த பத்தாண்டில் பரவிய ‘இயற்கைப் பிரசவம்’ என்ற பேச்சை நம்பி வேண்டுமென்றே வீட்டில் பார்த்தவை. 2018இல் திருப்பூரில் யூடியூப் வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் ஆசிரியை ரத்தப்போக்கில் இறந்தார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைதானார்.

அந்த மரணத்தில் என்ன தவறியது என்பதை உடலியல் கணக்கில் சொல்ல வேண்டும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இடத்து ரத்தக்குழாய்களை நெரித்து மூடுவது கருப்பைத் தசையின் சுருக்கம் மட்டுமே. தசை சோர்ந்தால், நஞ்சின் துண்டு உள்ளே தங்கினால், வழியில் எங்காவது கிழிந்தால், அல்லது ரத்தம் உறையாமல் போனால் குழாய் திறந்த நிலைதான். 500 மில்லி போனாலே அதைப் பெரும்போக்கு என்று கொள்ள வேண்டும். நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ரத்தசோகை உள்ளவர்கள். அவர்களால் அந்த அளவைக்கூடத் தாங்க முடியாது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் போடுவது இதைத் தடுக்கும் முதல் படி. அந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். அலமாரியில் கிடந்தால் வீரியம் போய்விடும். போக்குத் தொடங்கிவிட்டால் ரத்த உறைவு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், மூன்று மணி நேரத்துக்குள். பிறகு ரத்தம், தேவைப்பட்டால் ஆபரேஷன் தியேட்டர். குழந்தைப் பக்கத்திலும் இதே அவசரம்: நூறில் மூன்று முதல் ஆறு குழந்தைகளுக்குப் பிறந்த ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுக்க வேண்டிவரும். இதில் எதையும் வீடியோ செய்து தராது. சிக்கல் வாய்ப்புக் குறைந்தவர் என்று சொல்லப்படும் பெண்ணுக்கும் இது முன்னறிவிப்பில்லாமல் வரும்.

பெண்ணியப் பார்வையில் இன்னொன்றும் உறுத்துகிறது. மேற்கில் வீட்டுப் பிரசவ இயக்கத்தை நடத்தியவர்கள் பெண்கள். பக்கத்தில் இருந்தவர்கள் மருத்துவச்சிகள். இங்கே அதைப் பரப்புபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்: ‘ஹீலர்’கள், மரபு வாழ்வு பேசுபவர்கள். தடுப்பூசி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முடிவெடுப்பதும் பல வீடுகளில் கணவர். ஸ்கேனுக்குப் போக மறுப்பது ஒரு பெண்ணின் உரிமை. போக வேண்டும் என்று விரும்புகிற பெண்ணைப் போகவிடாமல் வைத்துக்கொண்டு அதற்கு இயற்கை என்று பெயர் வைப்பது வேறு விஷயம்.

மரபு என்று பேசும்போது வசதியாக மறக்கப்படுபவர் மருத்துவச்சி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள்; பல பகுதிகளில் தலித் பெண்கள். தீட்டு என்று மற்றவர் தொடாத ரத்தத்தையும் நஞ்சையும் தொட்டது அவர்கள் கை. கூலி என்பது கொஞ்சம் நெல்லும் ஒரு சேலையும். குழந்தையை வெளியே எடுத்துக் கொடுத்த அதே பெண், பதினாறாம் நாள் விருந்தில் திண்ணைக்கு வெளியேதான் உட்கார்ந்தாள். அவர்களில் பலருக்கு நுட்பமான கைத்திறன் இருந்தது. நடக்கவைப்பது, குந்தவைப்பது, இடுப்பை நீவிக்கொடுப்பது என்று இன்றைய ஆய்வுகள் சரி என்று சொல்பவற்றை அவர்கள் செய்தார்கள். பெரும்போக்கையும் அடைபட்ட பிரசவத்தையும் அவர்களால் நிறுத்த முடியவில்லை என்பதும் உண்மை. அந்தக் காலத்துக்குத் திரும்ப அழைப்பவர்கள், அந்த வேலையை எந்தச் சாதிப் பெண் எந்தக் கூலிக்குச் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை.

இலங்கை இந்தக் கண்ணியை வேறு விதமாகக் கோத்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியபோதே பயிற்சி பெற்ற குடும்பநல மருத்துவமாது அங்கே இருந்தார். பிறகு நாடெங்கும் சில ஆயிரம் மக்களுக்கு ஒருவர் என்று அமர்த்தினார்கள். அவர் வீட்டுக்கே போய்ப் பிரசவம் பார்த்தார். சிக்கல் தெரிந்தால் அனுப்ப ஒரு மருத்துவமனை பின்னால் இருந்தது. 1930களில் லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் மேல் இருந்த தாய் இறப்பு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 50க்கும் கீழே வந்தது. பிரசவங்கள் படிப்படியாக மருத்துவமனைக்குப் போயின, மருத்துவமாதின் வீட்டு வருகை நிற்கவில்லை.

இந்தியாவில் நடந்தது எதிர்மாறு. 1973இல் கர்தார் சிங் குழுவின் பரிந்துரைக்குப் பின், துணை செவிலியர்-மருத்துவச்சியைப் பல்நோக்குப் பணியாளராக மாற்றினார்கள். பயிற்சி இரண்டு ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டாகக் குறைந்தது. தடுப்பூசி, மலேரியா, எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு என்று வேலை மாறியது. 1996இல் இலக்குகளை நீக்கும்வரை ஒரு செவிலியரின் மதிப்பு, எத்தனை பேரை ஆபரேஷனுக்குக் கூட்டிவந்தார் என்பதில் இருந்தது. பிரசவம் பார்க்கும் கை மறந்துபோயிற்று. வீட்டில் யூடியூபும் ஆஸ்பத்திரியில் கத்தியும் என்று நாம் இன்று நிற்கிற இடத்துக்கு இந்த வெற்றிடம் பெரிய காரணம்.

மருத்துவமனைக்குள் போவோம். தாய் இறப்பைக் குறைத்ததில் தமிழ்நாட்டின் சாதனை உண்மையானது: 2018-20இல் நாட்டுச் சராசரி லட்சத்துக்கு 97 என்றால் இங்கே 54. மூன்று ஸ்டாஃப் நர்ஸுகளுடன் இரவும் பகலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், ஒவ்வொரு தாய் இறப்பையும் தனித்தனியாக விசாரிக்கும் ஏற்பாடும் அதற்குக் காரணங்கள். அதே விசாரணை பயத்தையும் உண்டாக்கியது. சற்றே சந்தேகம் என்றாலும் மேல் மருத்துவமனைக்கு அனுப்பு, அங்கே காத்திராமல் அறுத்துவிடு என்ற பழக்கம் வளர்ந்தது.

பெண்கள் அஞ்சுவது எதை என்று பார்த்தால், பெரும்பாலும் தேவையில்லாத வரிசை ஒன்று தெரியும். கருப்பை வாய் மூன்று சென்டிமீட்டர் திறந்தவுடன் படுக்கையில் சேர்த்துவிடுகிறார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் நகராவிட்டால் ‘வலி ஊசி’. மற்ற நாடுகளில் இந்தச் சொல்லுக்கு வலியைக் குறைக்கும் ஊசி என்று பொருள் கொள்வார்கள். நம் லேபர் வார்டில் அது வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் டிரிப். சில பெண்களே அதைக் கேட்டு வாங்குவதும் உண்டு, சீக்கிரம் முடிந்து இந்த அறையை விட்டுப் போகலாம் என்று. டிரிப் ஏறினால் நடக்க முடியாது. மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை பெரிய ரத்தநாளத்தை அழுத்தும், குழந்தையின் இதயத்துடிப்பு சில நேரம் தடுமாறும். தடுமாறினால் சிசேரியன். இல்லையென்றால் வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளுவது, கேட்காமல் வெட்டுவது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் இந்த வரிசையை ஒவ்வொரு கண்ணியாக மறுக்கிறது: பிரசவத்தின் தீவிரக் கட்டம் ஐந்து சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது எல்லாருக்கும் பொருந்தும் விதி இல்லை, வழக்கமாக வெட்டுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது, தண்ணீர் குடிக்கலாம், உணவு கொஞ்சம் எடுக்கலாம், நிற்கலாம், குந்தலாம், அவள் விரும்பும் ஒருவர் கூடவே இருக்கலாம். கடைசியாகச் சொன்னது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே திட்டமாக இருக்கிறது. பல லேபர் வார்டுகளில் கட்டிலுக்கு நடுவே ஒரு திரை இல்லாததால், துணை இன்னும் வெளி வராந்தாவில்தான் நிற்கிறது.

இந்தப் பயமே சிசேரியனைத் ‘தேர்வு’ ஆக்குகிறது. அதே 2019-21 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. மக்கள்தொகை அளவில் பத்து சதவீதத்துக்கு மேல் போவதால் தாயும் சேயும் கூடுதலாகப் பிழைப்பதில்லை என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நல்ல நட்சத்திரம் பார்த்து நாள் குறிப்பவர்களும், இரவு விழித்திருக்க ஆள் இல்லாத சிறு மருத்துவமனைகளும், காப்பீடும் இதில் பங்காளிகள். தேவையான நேரத்தில் சிசேரியன் உயிர் காக்கும், அதற்கு எந்தப் பெண்ணும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் முதல் தழும்பின் விலை அடுத்த கர்ப்பத்தில் தெரியும்: நஞ்சு பழைய தழும்பில் வேரூன்றிப் பிரிய மறுக்கும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடிக்கொண்டே போகிறது. ஒரு சிசேரியனுக்குப் பின் இயல்பாகப் பெற முயலும் பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு அது கைகூடுகிறது; தழும்பு பிரியும் ஆபத்து இருநூறில் ஒருவருக்கு. தியேட்டர் தயாராக உள்ள இடத்தில் இதை முயலலாம். வீட்டில் முயலக் கூடாது.

பிரசவ மேசையோடு சேர்ந்தே வரும் இன்னொரு முடிவு கருத்தடை. 1930வாக்கில் பெரியார் ‘குடி அரசு’வில் கர்ப்பத்தடை பற்றி எழுதியபோது ஒரு கோட்டைத் தெளிவாகக் கிழித்தார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் அதைக் கேட்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்றார். அதே காலத்தில், 1928இல் சென்னையில் தொடங்கிய புதிய மால்தூசியர் சங்கம் மக்கள்தொகைக் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தது. அரசுத் திட்டமாக வென்றது சங்கத்தின் குரல். 2019-21 கணக்கெடுப்பில் மாநிலத்தில் திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு (கு.க.) அறுவை செய்துகொண்டவர்கள், ஆண்களின் அறுவை 0.1 சதவீதம். ஆணுக்கான அறுவை பத்துப் பதினைந்து நிமிடம், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடை அறுவையின் கசப்பு ஆண்களை விலக்கியது, சுமை முழுதும் பெண்ணிடம் வந்தது. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் அறுவை செய்து பதின்மூன்று பேர் இறந்த பிறகு, இப்படிப்பட்ட முகாம்களை நிறுத்தச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஞ்சு வெளியே வந்த கையோடு கேட்காமலே கருப்பைக்குள் காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனத்தை வைத்துவிடுகிறார்கள் என்ற புகாரைப் பெண்கள் அமைப்புகள் நெடுநாளாகச் சொல்லிவருகின்றன. கருக்கலைப்புக்கு வருபவரிடம் ‘கு.க. செய்தால்தான்’ என்று நிபந்தனை போடுவதும் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2021 திருத்தத்தின்படி 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், குறிப்பிட்ட சூழல்களில் 24 வாரம்வரை இரண்டு மருத்துவர். 18 வயது நிறைந்தவருக்குத் தன் சம்மதம் மட்டுமே தேவை. கணவரின் கையெழுத்து வேண்டியதில்லை. திருமணமாகாத பெண்ணுக்கும் இதே உரிமை என்பதை 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

‘தேர்வு’ என்ற சொல் போதாது என்று அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் 1994இல் சிகாகோவில் கூடிச் சொன்னார்கள். பிள்ளை பெறாமலிருக்கும் உரிமை, பெறும் உரிமை, பெற்றதைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமை மூன்றையும் சேர்த்து ‘இனப்பெருக்க நீதி’ என்றார்கள். மூன்றாவதுதான் நம்மிடம் மிகவும் பலவீனம். நெதர்லாந்தில் பிரசவத்துக்குப் பின் எட்டு நாள்வரை பணியாளர் வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் கவனிக்கிறார். நம்மிடம் அந்த வேலையைத் தாய்வீடு செய்கிறது, அதாவது இன்னொரு பெண்ணின் கூலியில்லா உழைப்பு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் தந்த 26 வார விடுப்பு, சித்தாளுக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் எட்டாது. அவர்களுக்கு இருப்பது முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, அதுவும் தவணைகளில்.

இந்தியா 2018இல் மருத்துவச்சிகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது: செவிலியருக்கு மேல் 18 மாதச் சிறப்புப் பயிற்சி, மருத்துவமனைக்குள்ளேயே அவர்கள் பொறுப்பில் தனிப் பிரசவப் பிரிவு, எட்டும் தூரத்தில் தியேட்டர். வீட்டின் நிதானமும் மருத்துவமனையின் ரத்த வங்கியும் ஒரே கட்டடத்தில் கிடைக்க இன்று நமக்குத் தெரிந்த வழி இதுதான். தெலங்கானா இதில் முந்திக்கொண்டது. நம் மாநிலத்தில் இதற்கான கோரிக்கை பெண்கள் பக்கமிருந்து இன்னும் உரக்க எழ வேண்டும்.

அதுவரை, கர்ப்பத்தின் 34ஆம் வாரத்துக்குள் செய்ய முடிந்தவை சில உண்டு. பிரசவம் பார்க்கப்போகும் இடத்தில் துணையை உள்ளே விடுவார்களா, நடக்கவும் குந்தவும் விடுவார்களா, இரவில் மயக்க மருத்துவர் உண்டா, ரத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்டுவைக்கலாம். காப்பர் டி வேண்டுமா வேண்டாமா என்பதை வலி தொடங்கும் முன்பே கர்ப்பகாலப் பதிவு அட்டையில் எழுதிக் கையெழுத்திடலாம். வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சீட்டைக் கட்டிலிலேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். சிசேரியன் ஆகியிருந்தால் காரணம் என்ன, கருப்பையில் போட்ட வெட்டு குறுக்கா நெடுக்கா, காப்பர் டி வைக்கப்பட்டதா என்ற மூன்றும் அதில் எழுத்தில் இல்லையென்றால், எழுதித் தரும்வரை கேட்கலாம். குறுக்கு வெட்டு என்ற இரண்டு சொற்கள் அதில் இருந்தால்தான் மூன்று ஆண்டு கழித்து அடுத்த பிரசவத்துக்கு வரும்போது, இயல்பாகப் பெற முயல்கிறேன் என்று அவளால் பேசத் தொடங்க முடியும்.